வெண்கலத்தில் எழுதிய வரலாறு

சிலைகளைப் படிக்க நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள். கையில் திறவுகோல் இருந்தால் அவர் இராயப்பர். வாள் ஏந்தி நின்றால் சின்னப்பர். குழந்தை இயேசுவைத் தாங்கியிருப்பவர் அந்தோனியார். மரத்தில் கட்டுண்டு உடலில் அம்பு தைத்திருப்பவர் செபஸ்தியார். கீழே பெயர் எழுதியிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத நம் பாட்டிமாரும் இந்தப் பாடத்தில் தேறியவர்களே.

ஆனால் கோயில் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் இந்தத் திறமை எங்கோ போய்விடுகிறது. பூங்காவிலும் கடற்கரையிலும் நாற்சந்தியிலும் நிற்கும் சிலைகள் நமக்குப் பேருந்து நிறுத்தத்தின் அடையாளம், அவ்வளவுதான். "சிலைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்" என்கிறோம். அதைச் செய்தவர் யார், அது ஏன் அங்கே நிற்கிறது, அதற்கு முன் அங்கே என்ன நின்றது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், நம் தேசத்தின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்பது தெரியவரும். அதில் சில பக்கங்களை இக்கட்டுரையில் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் சென்னைத் தீவுத்திடலுக்குப் போவோம். அங்கே குதிரைமேல் கம்பீரமாக அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். நிலத்தை உழும் குடியானவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர். ஆளுநர் பதவியில் இருக்கும்போதே சுற்றுப்பயணம் போன இடத்தில் காலரா கண்டு இறந்தார். லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த இச்சிலை 1839-ல் நிறுவப்பட்டது. அடுத்த முறை அவ்வழியே போகும்போது கூர்ந்து பாருங்கள்: குதிரைக்குச் சேணம் இல்லை, காலை ஊன்ற அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை, வேண்டுமென்றே விட்டார் என்று ஒரு கதை. எதுவானாலும் மன்றோ இன்றுவரை கீழே விழவில்லை. அவரை யாரும் இறக்கவும் இல்லை.

அதே சென்னையில் மவுண்ட் ரோட்டில் நின்ற இன்னொரு வெள்ளைக்காரரின் கதை வேறு. அவர் பெயர் ஜேம்ஸ் நீல். சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தளபதி. 1857-ல் வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்டபோது தம் படையுடன் காசிக்கும் அலகாபாத்துக்கும் அனுப்பப்பட்டார். அங்கே குற்றவாளி, நிரபராதி என்று பாராமல் மக்களைத் தூக்கிலிட்டார். கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். அது மறுக்க முடியாத கொடுமை. அதற்குப் பழிவாங்க நீல், பிடிபட்டவர்களை அந்த இரத்தக்கறை படிந்த தரையைச் சுத்தம் செய்ய வைத்து, அதன் பிறகு தூக்கில் போட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்து, பீடத்தில் வீரப் புகழும் எழுதினார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் நம் மக்கள் அந்தப் புகழுரையைக் கடந்துதான் நடந்து போனார்கள்.

1927-ல் அதை அகற்ற வேண்டும் என்று சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர்கள் அணி அணியாக வந்து சுத்தியலாலும் கோடரியாலும் சிலையைத் தாக்கிச் சிறை சென்றார்கள். அவர்களுள் ஒருவர் கடலூர் அஞ்சலை அம்மாள். அவரோடு அவருடைய ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் சிறைக்குப் போனாள். ஒன்பது வயது என்றால் நான்காம் வகுப்பு! அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் போராட்டத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அது அகிம்சை வழியை விட்டு விலகக் கூடாது என்று வற்புறுத்தினார். அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று புதுப் பெயர் சூட்டிப் பின்னர் வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. சிலை உடனே அகலவில்லை. 1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்த பிறகே நீல் கீழே இறக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதை உடைத்து உருக்கிவிடாமல் காட்சிக்கூடத்துக்கு அனுப்பியது நல்ல முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. உருக்கியிருந்தால் அஞ்சலை அம்மாள் எதை எதிர்த்துச் சுத்தியல் எடுத்தார் என்பதை நாம் கண்ணால் காணும் வாய்ப்பே இருந்திராது.

டில்லியிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. இந்தியா கேட் அருகே உயர்ந்த கல் மண்டபம் ஒன்று உண்டு. லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பளிங்குச் சிலை நின்றது. நாடு விடுதலை பெற்று இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1968-ல்தான் அதை எடுத்தார்கள். எடுத்து நகருக்கு வடக்கே முடிசூட்டுப் பூங்காவில் வைத்தார்கள். 1911 டிசம்பர் 12 அன்று அதே மன்னர் தர்பார் நடத்தி, தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்த இடம் அது. இன்று அங்கே பதவியிழந்த பழைய வைஸ்ராய்களும் மன்னருக்குத் துணையாக நிற்கிறார்கள். இங்கே கல் மண்டபமோ வெறுமையாகவே நின்றது. காந்தியடிகளை அங்கே வைக்கலாமா, ஒரு பேரரசருக்காகக் கட்டிய குடையின்கீழ் அவரை நிறுத்துவது தகுமா என்று வாதங்கள் நடந்தன. 54 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பர் 8 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலை அங்கே திறக்கப்பட்டது. ஒரே கல்லில் செதுக்கிய அதன் உயரம் 28 அடி.

மன்றோ, நீல், ஜார்ஜ், நேதாஜி எல்லோரும் தனி மனிதர்கள். பீடத்தின்மேல் ஒருவர், கீழே பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. சிலை என்றால் இப்படித்தான் என்று நாமும் எண்ணிவிட்டோம். இந்த வழக்கத்தை விட்டு விலகி, பெயரில்லாத மனிதர்களைக் கூட்டமாக வெண்கலத்தில் நிறுத்தி நம் வரலாற்றைச் சொன்ன ஒரு சிற்பி இருந்தார். அவர் பெயர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி, ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தந்தவர்.

அவர் 1899-ல் இன்றைய வங்கதேசத்திலுள்ள ரங்பூர் பகுதியில் பிறந்தார். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். 1929-ல் சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைவராக வந்து சேர்ந்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கில மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், சிற்பி தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். மல்யுத்தம் பழகியவர், வேட்டையாடியவர், புல்லாங்குழல் வாசித்தவர், வங்காளியில் சிறுகதைகள் எழுதியவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரே மனிதருக்கு நாள் எப்படிப் போதியது என்று வியப்பாக இருக்கிறது. 1954-ல் லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 1958-ல் பத்மபூஷண் பெற்றார். 1975-ல் மறைந்தார்.

மெரினா கடற்கரையில் கைத்தடியுடன் நடந்து வரும் காந்தியடிகள் அவர் கைவண்ணம்தான். ஆயினும் நாம் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது அதே கடற்கரையின் வடகோடியில் உள்ள உழைப்பாளர் சிலையை. 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு தினத்துக்கு முந்திய நாள், அது திறக்கப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பெரும் பாறையைப் புரட்ட முயல்கிறார்கள். கடப்பாறை போன்ற நெம்புகோலைப் பாறைக்கு அடியில் கொடுத்து, உடலின் முழுப் பாரத்தையும் அதன்மேல் போடுகிறார்கள். முதுகுத் தசைகள் முறுக்கேறியிருக்கின்றன. விலா எலும்புகள் தெரிகின்றன. கால் விரல்கள் தரையைப் பற்றியிருப்பதைக் குனிந்து பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும். அவர்களுக்குப் பெயர் இல்லை. கலைப்பள்ளியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் சிற்பிக்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். இதே படைப்பின் மற்றொரு வார்ப்பு டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் இருக்கிறது.

பாறை இன்னும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். 'உழைப்பின் வெற்றி' என்பது இச்சிலைக்குரிய பெயர். ஆனால் சிற்பி காட்டியிருப்பது வெற்றிக்கு முந்திய கணத்தை. பாறை உருண்டுபோன பிறகு நான்கு பேரும் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பதாகச் செய்திருந்தால் அதை யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். இந்தச் சிலைக்கு இந்தக் கடற்கரை பொருத்தமான இடமும்கூட. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இரண்டு கூட்டங்களை நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு பேருமே ஆண்கள். நம் ஊரில் எந்தக் கட்டட வேலையைப் பார்த்தாலும் கொத்தனாருக்குப் பக்கத்தில் சித்தாள் நிற்பாள். கல் சுமப்பவள் அவள். கலவை சுமப்பவள் அவள். சாரத்தில் ஏறுபவளும் அவளே. கூலி மட்டும் குறைவு. உழைப்பின் வரலாற்றை வெண்கலத்தில் வார்த்தபோது அவள் தலைச்சும்மாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பெண்கள் பள்ளியில் படிக்கும் நமக்கு இது கண்ணில் படாமல் இராது.

இங்கே சற்று நிறுத்தி, இத்தனை பெரிய வெண்கலச் சிலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பலர் நினைப்பது போல வெண்கலத்தை யாரும் உளி கொண்டு செதுக்குவதில்லை. சிற்பி முதலில் இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பி உருவத்தைப் பிடிக்கிறார். அவருடைய கலை முழுவதும் இந்தக் களிமண்ணில்தான். ஆனால் களிமண் உலர்ந்தால் வெடித்துவிடும். ஆகவே அதன்மேல் பாரிஸ் சாந்தைப் பூசி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சின் உட்புறத்தில் தோசை கனத்துக்கு மெழுகு பூசுகிறார்கள். மெழுகுக்கு உள்ளேயும் வெளியேயும் நெருப்பைத் தாங்கும் மண் கலவையை நிரப்பிச் சூளையில் சுடும்போது மெழுகு உருகி வழிந்து ஓடிவிடுகிறது. அது விட்டுச் சென்ற மெல்லிய இடைவெளியில்தான் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு வெள்ளீயம். உருக ஆயிரம் டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு வெப்பம் வேண்டும். ஆறிய பின் மண்ணை உடைத்து எடுத்து, தனித்தனியாக வார்த்த கை, கால், தலையைப் பற்றவைத்து, பிசிறுகளை அரம் கொண்டு தேய்க்கிறார்கள்.

இதில் வெளிநாட்டு வித்தை ஒன்றும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, அதைக் காவிரி வண்டலால் மூடிச் சுட்டு ஐம்பொன் ஊற்றுவதும் இதே முறைதான். ஒரே வேறுபாடு, அவர்கள் செய்யும் திருமேனிகள் உள்ளே கெட்டியானவை. பூங்காவில் நிற்கும் பெருஞ்சிலைகள் உள்ளே வெற்றிடமானவை. அவற்றை கெட்டியாக வார்த்தால் எடையைத் தாங்க முடியாது; ஆறும்போது வெடிப்பும் விழும். இன்னொன்று: செப்புக் குடத்தில் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் பச்சைக் களிம்பு ஏறுவது போல வெண்கலச் சிலைக்கும் ஏறும். கடற்காற்றின் உப்பு அதை இன்னும் விரைவாக்கும். மெரினாச் சிலைகளைச் சுத்தம் செய்து பாதுகாப்பது ஓயாத வேலை.

இனி பாட்னாவுக்குப் போவோம். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள். வழிகாட்ட வேண்டியவர்கள் எல்லோரும் சிறைக்குள் இருந்த அந்த நாட்களில் பல ஊர்களில் வீதிக்கு வந்தவர்கள் மாணவர்கள். ஆகஸ்ட் 11 அன்று பாட்னாவில் மாணவர் கூட்டம் தலைமைச் செயலகக் கட்டடத்தில் தேசியக் கொடியை ஏற்றப் புறப்பட்டது. போலீசார் சுட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள்: உமாகாந்த் பிரசாத் சின்ஹா, ராமானந்த் சிங், சதீஷ் பிரசாத் ஜா, ஜகத்பதி குமார், தேவிபத சௌத்ரி, ராஜேந்திர சிங், ராம்கோவிந்த் சிங். இவர்களில் ஜகத்பதி குமார் மட்டும் கல்லூரி மாணவர். மற்ற அறுவரும் பள்ளிப் பிள்ளைகள். சிலர் ஒன்பதாம் வகுப்பு. அன்று மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஆங்கிலேயர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் பிற்காலத்தில் இந்திய ஓவியங்களைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய பேரறிஞராக லண்டனில் புகழ்பெற்றார். இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை.

1947 ஆகஸ்ட் 15, விடுதலை பெற்ற அதே நாளில், அந்த ஏழு பேருக்கான நினைவுச் சின்னத்துக்குச் செயலகத்தின் எதிரே அடிக்கல் நாட்டப்பட்டது. சிலைத் தொகுதியைச் செய்யும் பொறுப்பு சென்னையிலிருந்த ராய் சௌத்ரிக்கு வந்தது. அவர் செய்த உருவங்கள் இத்தாலியில் வார்க்கப்பட்டு, 1956 அக்டோபர் 24 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் திறந்து வைத்தார். அவரும் பீகார் மண்ணின் மைந்தர்.

இங்கே உயர்ந்த பீடத்தின்மேல் ஏழு இளைஞர்களும் ஒரே அலை போல நகர்கிறார்கள். முன்னால் ஒருவன் கொடியைப் பிடித்துக் கையை நீட்டி வழிகாட்டுகிறான். அவனுக்குப் பின்னால் குண்டடிபட்டுச் சரிபவர்கள், விழுந்துவிட்டவர்கள், விழுந்தும் எழ முயல்பவர்கள். கொடி மட்டும் விழவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கம் ராய் சௌத்ரியிடம் உண்டு என்று அறிஞர்கள் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்: ஒவ்வொருவரின் உடலும் ஒவ்வொரு நிலையில் இருந்தாலும் கண் ஓரிடத்தில் நிற்காமல் ஒருவரிலிருந்து அடுத்தவருக்குத் தாவுகிறது. இவர்கள் நம் வயதினர் என்பதால் நாம் இதைச் சற்று நெருக்கமாகவே உணர்கிறோம். புத்தகத்தில் 'எழுவர் உயிரிழந்தனர்' என்று அரை வரியில் முடிந்துபோவதை இந்தச் சிலை முடியவிடாமல் வைத்திருக்கிறது.

ராய் சௌத்ரியின் கடைசிப் பெரும் படைப்பு டில்லியில் சர்தார் பட்டேல் சாலையும் அன்னை தெரேசா பெயரிலுள்ள சாலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. அன்னையின் பெயருக்கு முன் அந்தச் சாலை தாங்கியிருந்த பெயர் வில்லிங்டன். 1932-ல் காந்தியடிகளைச் சிறையிட்ட வைஸ்ராய். சிலையை மக்கள் 'கியாரா மூர்த்தி' என்கிறார்கள். இந்தியில் பதினொரு சிலை என்று பொருள். சிற்பி மறைந்த பின்னரே அது அங்கே நிறுவப்பட்டது. தண்டிக்கு உப்பெடுக்கச் செல்லும் காந்தியடிகள் முன்னே கோலூன்றி நடக்கிறார். பின்னே பத்துப் பேர். பல மதத்தினர், பல தொழிலினர், பல பிராந்தியத்தினர். இதை நேரில் காணாதவர்களும் பார்த்திருப்பார்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த படம் இதுதான். பெற்றோரிடம் கேட்டால் நினைவுபடுத்திச் சொல்வார்கள்.

இந்தப் பதினொருவரில் பெண்ணும் இருக்கிறாள். இங்கேதான் ஒரு சுவையான சிக்கல். 1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தியடிகளுடன் புறப்பட்ட 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அவரே பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். ஆங்கிலேயர் பெண்களைத் தாக்கத் தயங்குவார்கள்; பெண்களை முன்னே நிறுத்தி அந்தத் தயக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது ஆண்மையாகாது என்பது அவர் வாதம். கள்ளுக்கடை மறியலும் கதரும் பெண்களுக்கு ஏற்ற பணி என்றார். பெண்கள் இதை வாய்மூடி ஏற்கவில்லை. தாதாபாய் நௌரோஜியின் பேத்தி குர்ஷித்பென், கமலாதேவி சட்டோபாத்யாய் முதலியோர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 24 நாள் நடந்து ஏப்ரல் 5 அன்று தண்டியை அடைந்து, மறுநாள் காலை காந்தியடிகள் ஒரு பிடி உப்பை எடுத்தபோது சரோஜினி நாயுடு அங்கே இருந்தார். மே மாதத்தில் காந்தியடிகளும், அவருக்குப் பின் அப்பாஸ் தியாப்ஜியும் கைதானதும், தாராசனா உப்பளத்தை நோக்கித் தொண்டர்களை நடத்திச் சென்றவர் அதே சரோஜினிதான். அதற்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் உப்புக் காய்ச்சியும் விற்றும் சட்டத்தை மீறிவிட்டார்கள்.

அப்படியானால் டில்லிச் சிலை பொய் சொல்கிறதா? நாள், நபர், எண்ணிக்கை என்று பார்த்தால் ஆம். 78 பேர் பத்துப் பேராகிவிட்டார்கள்; இல்லாத பெண் வந்துவிட்டாள். ஆனால் சிற்பி வருகைப் பதிவேட்டை வாசிக்கவில்லை. அந்த நடைப்பயணம் எதைத் தொடங்கி வைத்ததோ, அதைப் பதினொரு உருவங்களில் அடக்கிக் காட்டியிருக்கிறார். கடற்கரையில் சித்தாளை விட்டுவிட்டவர் இங்கே பெண்ணை அழைத்து வந்தார் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் இதை மட்டும் பார்த்துவிட்டு, பெண்களும் சபர்மதியிலிருந்தே நடந்தார்கள் என்று தேர்வில் எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைக்காது.

வருகைப் பதிவேட்டைப் பார்க்க விரும்புவோர் குஜராத்தின் தண்டிக்கே போகலாம். அங்கே 15 ஏக்கரில் அமைந்த தேசிய உப்பு சத்தியாகிரக நினைவகம் 2019 ஜனவரி 30 அன்று திறக்கப்பட்டது. பூங்கா போன்ற அந்த வெளியில் நடந்தவர்கள் அனைவரும் ஆளுயரச் சிலைகளாக வரிசையில் நிற்கிறார்கள். வழியில் சேர்ந்த இருவரையும் கூட்டி எண்பது பேர். ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் உள்ள உண்மை மனிதர். சபர்மதி ஆசிரமத்தின் பால்பண்ணையைக் கவனித்துவந்த கேரளத்துக் கிறிஸ்தவர் டைட்டஸும் அவர்களில் ஒருவர். புறப்பட்டவர்களில் கிறிஸ்தவர் அவர் ஒருவரே. 24 நாள் பயணமும் 24 சுவர்ச் சிற்பங்களாக வழிநெடுகக் காட்டப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை சரி, பெயர் சரி. உண்மையை உள்ளபடியே காட்டியிருப்பதால் நடந்த வரிசையில் பெண்ணைக் காணமுடியாது. டில்லியையும் தண்டியையும் சேர்த்துப் படித்தால்தான் 1930-ன் கதை முழுமையாகக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு தண்டி உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். 150 மைல். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். நடந்த அணியில் இங்கும் பெண்கள் இல்லை. ஆனால் வேதாரணியத்தில் போராட்டத்தில் இறங்கிய ருக்மிணி லட்சுமிபதி கைதாகி, உப்பு சத்தியாகிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். 1946-ல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகி, சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரும் ஆனார். எழும்பூரில் முன்பு மார்ஷல்ஸ் ரோடு என்றிருந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நீல் துரை போய்ச் சேர்ந்த அருங்காட்சியகம் உள்ள அதே எழும்பூர்தான்.

அகஸ்தியம்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. தண்டியைப் போல எண்பது சிலைகளோ, டில்லியைப் போல வெண்கலக் கூட்டமோ அங்கே கிடையாது. உப்பளங்களுக்கு நடுவே ஒற்றைத் தூண் மட்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று மக்கள் அங்கே நடந்து சென்று குனிந்து ஒரு பிடி உப்பு அள்ளுகிறார்கள்.